முதல் படம் மௌனப்படமாக இருக்கலாமா?

திரைப்படம் கற்றுத்தரும் இடங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. மாணவரின் முதல் படத்தில் வசனம் கூடாது. ஐந்து நிமிடம், ஒரு கேமரா, இரண்டு மூன்று நடிகர்கள். யாரும் பேசக் கூடாது, ஆனால் கதை புரிய வேண்டும். சினிமா காட்சி ஊடகம், ஆகவே காட்சியால் சொல்லப் பழகு என்பதுதான் இதற்கு ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பயிற்சியிலிருந்து வரும் படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருக்கின்றன. மாத்திரை டப்பாவைப் பார்த்து அழும் பெண், பூங்கா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் முதியவர், கிழிந்த சட்டையோடு பலூன்காரரை ஏக்கமாகப் பார்க்கும் சிறுவன். எல்லாவற்றின் மேலும் ஒரு வயலின். கடைசியில் திரை இருண்டு ஒரு நல்வாக்கு. காட்சியால் சொல்லப் பழகியவர்கள் எடுத்த படங்களா இவை? முதல் படம் மௌனப்படமாக இருப்பது மாணவருக்கு நல்லதா, கெடுதலா?

திருவனந்தபுரத்தை வைத்து இந்தக் கேள்வியை ஆராய்வதற்கு இரண்டு காரணங்கள். கேரள சலச்சித்திர அகாதமி 2008 முதல் இங்கே சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா நடத்துகிறது. கல்லூரி மாணவர்களின் படங்களுக்கும் அதில் இடமுண்டு. தம்பானூருக்குப் பக்கத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளில் உட்கார்ந்தால் ஒரு தலைமுறை எப்படிப் படமெடுக்கப் பழகுகிறது என்று பார்த்துவிடலாம். இன்னொரு காரணம் பழையது. இந்த ஊரின் சினிமாவே இரண்டு மௌனப்படங்களில் தொடங்கியது. ஒன்று அழிந்துவிட்டது, மற்றது பிழைத்திருக்கிறது. இரண்டுமே சினிமாவை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த ஊரில் எடுக்கப்பட்டவை. மாணவர் படங்களோடு ஒப்பிட்டுப் படிக்க இவற்றைவிடப் பொருத்தமானவை இல்லை.

அழிந்த படம் ‘விகதகுமாரன்’. அதை எடுத்த ஜே.சி. டேனியல் 1900இல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். அன்று அது திருவிதாங்கூர், இன்று நம் கன்னியாகுமரி மாவட்டம். களரிப்பயிற்றிலும் வாள்வீச்சிலும் தீராத ஈடுபாடு கொண்டவர். 1915இலேயே, பதினைந்து வயதில், அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் கலையை ஊருலகத்துக்குக் காட்டச் சினிமாதான் வழி என்று நினைத்தார். மதராஸுக்குப் போனார், அங்கே தேடியது கிடைக்கவில்லை. பம்பாய்க்குப் போனார். ஸ்டுடியோக்களுக்குள் நுழைய அவர் சொன்ன காரணம் நம் விஷயத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நான் கேரளத்திலிருந்து வரும் ஆசிரியர், என் மாணவர்களுக்குச் சினிமாவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்றாராம். உண்மையில் அந்த வகுப்பில் ஆசிரியரும் அவரே, மாணவரும் அவரே. கண்ணால் பார்த்துக் கற்றதை வைத்துக்கொண்டு, சொத்தை விற்ற பணத்தில், திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

படம் நம் கையில் இல்லாததால் அதன் கலைத்தரத்தைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் திட்டத்தை எடைபோடலாம். எதைக் கதையாக எடுத்தார், யாரை நடிக்க வைத்தார், எந்தெந்த வேலையைத் தானே செய்தார் என்பதெல்லாம் தெரியும். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, கதாநாயகன் எல்லாம் அவரே. இந்த முதல் முடிவே தவறு என்று நினைக்கிறேன். கேமராவுக்கு முன்னால் நிற்பவரால் அதே நேரத்தில் கேமராவுக்குப் பின்னால் நிற்க முடியாது. பேச்சில்லாத படத்தில் ஒரு பார்வை அரை வினாடி கூடினாலும் குறைந்தாலும் பொருள் மாறிவிடும். அதைக் கவனிக்க வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். இன்றைய மாணவர்களும் ஆள் கிடைக்காத குறைக்குத் தாங்களே நடித்துவிடுகிறார்கள். டேனியலுக்கு வேறு வழியில்லை என்று சொல்லலாம். வகுப்பில் இருபது பேர் இருக்கும்போது இவர்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

இரண்டாவது முடிவு இன்னும் ஆழமானது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான ‘கீசக வத’த்தைக் கீழ்ப்பாக்கத்தில் எடுத்த நடராஜ முதலியார் மகாபாரதத்தை எடுத்துக்கொண்டார். அவருக்கு முன்னால் 1913இல் பால்கே அரிச்சந்திரனை எடுத்துக்கொண்டார். திரௌபதி யார், கீசகன் யார், அவன் ஏன் சாக வேண்டும் என்பதெல்லாம் அரங்குக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். வசனம் அவர்கள் மனத்துக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, படம் உருவத்தைக் கொடுத்தால் போதும். டேனியல் புராணத்தை விட்டார். திருவிதாங்கூர்ப் பணக்காரர் ஒருவரின் மகன் கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுபோகப்படுகிறான், வளர்கிறான், பின்னால் உறவினர் ஒருவரால் கண்டறியப்படுகிறான். புராணப் படங்களே ஓடிக்கொண்டிருந்த நாளில் இது துணிச்சல், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் மௌனப்படத்துக்கு இது மிகக் கடினமான கதை. யார் யாருக்கு மகன் என்பது கண்ணுக்குத் தெரியும் விஷயமல்ல, சொன்னால்தான் தெரியும். பிரிவும் சேர்க்கையும், கடந்துபோன ஆண்டுகளும், கடல் தாண்டிய ஊரும் அட்டை போட்டு எழுதிக் காட்ட வேண்டிய செய்திகள். முதுகிலிருக்கும் ஓர் அடையாளத்தால் மகன் கண்டறியப்படுகிறான் என்ற ஒரு முடிச்சுதான் அந்தக் கதையில் முழுக்க முழுக்கக் காட்சியால் அவிழக்கூடியது. மாணவர்கள் கதை தேர்ந்தெடுக்கும்போது தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: என் கதையின் முடிச்சு கண்ணுக்குத் தெரிகிறதா, அல்லது யாராவது சொன்னால்தான் புரியுமா?

மூன்றாவது முடிவு பி.கே. ரோஸி. மௌனப்படத்தைப் பற்றி இந்த ஊர் கற்றுத்தரும் மிகப் பெரிய பாடம் அவரிடமிருந்துதான் வருகிறது. புலையர் சாதியில் பிறந்தவர், காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். படத்தில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தார். கேபிட்டல் திரையரங்கில் படம் வெளியானது 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது, 1930 அக்டோபர் 23 என்று பின்னால் சிலர் நிறுவினார்கள். எந்த நாளாக இருந்தாலும் நடந்தது ஒன்றுதான். புலையப் பெண் நாயர் பெண்ணாக வருவதா என்று சாதி இந்துக்கள் கொதித்தார்கள், திரையின் மேல் கல் விழுந்தது. தான் நடித்த படத்தை உட்கார்ந்து பார்க்க ரோஸிக்குக் கொடுத்துவைக்கவில்லை. உயிருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடினார். மீதி வாழ்க்கையைத் தமிழ்நாட்டில், தான் ஒரு நடிகை என்று வெளியே தெரியாமல் கழித்தார். 2022இல் சென்னையில் அவர் பெயரில் ஒரு திரைப்பட விழா நடந்தது. மலையாளத்தின் முதல் நாயகிக்கு அந்த மரியாதை கிடைக்கத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

திரையில் ரோஸி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அது பேச முடியாத படம். வார்த்தை இல்லாத இடத்தில் அந்தக் கூட்டம் எதைப் படித்தது? உடலை. அந்த உடல் யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, கல்லெடுக்க அது போதுமாக இருந்தது. மௌனப்படத்தில் மொழித் தடையில்லை, சாதி மதம் கடந்து எல்லோருக்கும் புரியும் என்று வகுப்புகளில் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. பேச்சை எடுத்துவிட்டால் பார்ப்பவர்கள் நிறத்தையும் துணியையும் நடையையும் படிக்கிறார்கள். அவற்றின்மேல் சாதியும் வர்க்கமும் முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தப் பயிற்சிக்கு எதிரான மிக வலுவான வாதமே இதுதான். ஐந்து நிமிடத்தில், ஒரு சொல் இல்லாமல், யார் எப்படிப்பட்டவர் என்று காட்டியாக வேண்டும். அவசரத்தில் மாணவர் எதை எடுப்பார்? ஊரில் தயாராக இருக்கும் அச்சை. ஏழை என்றால் வகுப்பிலேயே கறுத்த பையனுக்கு அழுக்குச் சட்டை. நல்லவள் என்றால் நெற்றியில் சந்தனம். திருடன் என்றால் தாடி. தமிழர்களாகிய நமக்கு இது புதிதல்ல. திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் மூட்டை தூக்குபவரைத் ‘தமிழன்’ என்று காட்ட மலையாளப் படங்கள் என்னென்ன செய்தன என்று பார்த்திருக்கிறோம். நம் படங்களில் மலையாளி என்றாலே டீக்கடையும் முண்டும் என்று நாமும் பதிலுக்குச் செய்திருக்கிறோம். வசனம் இருந்தால் ஒரு வாக்கியத்தில் அந்த அச்சை உடைத்துவிடலாம். மௌனப்படத்தில் அது தானாக உடையாது, மேலும் இறுகும். ஆகவே மௌனப் பயிற்சி கற்பனையை வளர்க்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை. கவனிக்காமல் விட்டால் அது சோம்பலை வளர்க்கும், அந்தச் சோம்பலின் பாரம் யாராவது ஒரு எளியவரின் முகத்தின்மேல்தான் விழும்.

பிழைத்திருக்கும் படத்துக்கு வருவோம். சி.வி. ராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவலான ‘மார்த்தாண்ட வர்மா’வை பி.வி. ராவ் இயக்க, ஆர். சுந்தரராஜ் தயாரித்தார். 1933இல் திருவனந்தபுரத்தில் வெளியாயிற்று. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட, படம் சில நாளிலேயே நின்றது. அந்த வழக்கேதான் படத்தைக் காப்பாற்றவும் செய்தது. பதிப்பகத்தில் அடைந்து கிடந்த பிரதியை 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்காக மீட்டவர் பி.கே. நாயர், படம் வெளியான 1933இல் இதே திருவனந்தபுரத்தில் பிறந்தவர். தென்னிந்திய மௌனப்படங்களில் நமக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ‘விகதகுமார’னுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடைசிப் பிரதியின் பிலிமைச் சிறுவயதில் தீயில் போட்டு விளையாடியதாக டேனியலின் மகனே பின்னாளில் சொன்னார்.

‘மார்த்தாண்ட வர்மா’வின் பலமும் பலவீனமும் மாணவருக்கு ஒருசேரப் பயன்படும். எல்லோரும் படித்த நாவல் என்பதால் கதை புரியுமா என்ற கவலை இல்லை. ஆனால் சதியும் ரகசியமும் நிறைந்த நாவலைப் படமாக்கியதால் சுமை தலைப்பு அட்டைகள்மேல் விழுகிறது. மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் அவை வந்துகொண்டே இருக்கின்றன, பார்ப்பவர் பாதி நேரம் வாசகராகிவிடுகிறார். அந்தப் படத்தில் இன்று மதிப்பு ஏறிக்கொண்டே போகும் பகுதி நாவலில் இல்லாதது. மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாளின் ஊர்வலத்தைக் காட்டும் செய்திப்படத் துண்டுகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். நடந்துபோகிறவர்கள் நடக்கிறார்கள், யாரும் எதையும் நடித்துக் காட்டவில்லை, அவர்கள் யார் என்று அட்டை போட்டு விளக்க வேண்டியதும் இல்லை.

ஊர்வலம் என்பது ஒரு வேலை. ஆட்கள் ஒரு காரியத்தில் ஈடுபட்டிருக்கிறார்கள், கேமரா அதைப் பார்க்கிறது. மௌனப்படம் பிழைப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். பேச முடியாமல் தவிக்கும் மனிதர்களைக் காட்டினால் அது வசனம் நறுக்கப்பட்ட படம். கை வேலையாக இருப்பதால் பேசத் தேவையில்லாத மனிதர்களைக் காட்டினால் அங்கே வசனம் இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது. முன்னதில் நடிகர்கள் உதட்டை அசைப்பார்கள், கையை விரிப்பார்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள். பின்னதில் அதற்கெல்லாம் இடமே வராது.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஒரு பெண் கடனில் இருக்கிறாள் என்று காட்ட வேண்டும். வழக்கமான மாணவர் படம் அவளுக்கு நைந்த சேலையைக் கட்டிவிடும், காலிப் பர்ஸைத் திறந்து காட்டும், வங்கிக் கடிதத்தைக் குளோசப்பில் படிக்கவைக்கும். இப்போது சாலை பஜாரில் ஒரு பலசரக்குக் கடை. அந்தப் பெண் நன்றாகவே உடுத்தியிருக்கிறாள். பக்கத்தில் நிற்பவருக்குக் கடைக்காரர் பொருளை எடுத்துக் கொடுத்துப் பணத்தை வாங்கிப் பெட்டியில் போடுகிறார். அடுத்து இவள் முறை. அரிசி, பருப்பு, எண்ணெய் பாக்கெட், ஒரு சோப்பு என்று மேடைமேல் சேர்த்துவைத்திருக்கிறாள். கடைக்காரரின் கை பெட்டிப் பக்கம் போகாமல், ஆணியில் நூல்கட்டித் தொங்கும் பற்று வரவு நோட்டுக்குப் போகிறது. அவள் அந்தக் கையைப் பார்க்கிறாள். சோப்பை எடுத்து இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கிறாள். மூன்றே ஷாட். கடனும் தெரிந்துவிட்டது, கூச்சமும் தெரிந்துவிட்டது, எது இல்லாமல் இந்த மாதத்தை ஓட்ட முடியும் என்று அவள் போட்ட கணக்கும் தெரிந்துவிட்டது. நைந்த சேலை தேவைப்படவில்லை. சொல்லப்போனால் நல்ல சேலைதான் காட்சிக்கு உயிர் கொடுக்கிறது.

இதையே வரிசை மாற்றிப் பாருங்கள். அவள் சோப்பை வைக்கிறாள், பிறகு அவர் நோட்டை எடுக்கிறார். இப்போது அவள் முன்யோசனையுள்ளவள், கடைக்காரர் இரக்கமுள்ளவராகக்கூடத் தெரியலாம். கையைப் பார்க்கும் அவள் முகத்தை விட்டுவிட்டால்? சோப்பை ஏன் வைத்தாள் என்றே புரியாது. ஒரு வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் இடம் மாறினாலும் தமிழில் பொருள் கிட்டத்தட்ட நிற்கும், ஷாட் இடம் மாறினால் நிற்காது. பேச்சு இருக்கும் படத்தில் இந்தத் தவறு வசனத்துக்கு அடியில் மறைந்துகொள்ளும், மௌனப்படத்தில் உடனே வெளியே வந்துவிடும். இந்தப் பயிற்சிக்கு ஆதரவான வாதங்களிலேயே என்னை ஏற்கவைப்பது இது ஒன்றுதான். மாணவரின் தவறை வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு செலவில்லாமல் காட்டிக்கொடுப்பதில்லை.

ஒலிக்காரர்களின் மறுப்பையும் கேட்க வேண்டும், அது லேசான மறுப்பல்ல. சினிமாவில் பாதி ஒலி. முதல் நாளிலேயே அதை ஒதுக்கிவைக்கும் மாணவர், ஒலி என்பது கடைசியில் ஒட்டும் மேற்பூச்சு என்று நம்பிவிடுவார் என்பது அவர்கள் கவலை. இதே ஊரில் 1965இல் சித்திரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கிய அடூர் கோபாலகிருஷ்ணனையே சாட்சிக்கு அழைக்கலாம். அவருடைய ‘கொடியேற்ற’த்தில் பின்னணி இசையே கிடையாது. ஊரின் சத்தமே அந்தப் படத்தைத் தாங்குகிறது. நமக்கு இன்னும் பக்கத்தில் ‘பேசும் படம்’ இருக்கிறது. 1987இல் சிங்கீதம் சீனிவாச ராவ் எடுத்த அந்தப் படத்தில் கமல்ஹாசன் தொடங்கி யாரும் பேசுவதில்லை. ஆனால் அதன் மிக நல்ல நகைச்சுவை ஒன்று முழுக்க ஒலியால் ஆனது. சினிமாக் கொட்டகைக்குப் பக்கத்து லாட்ஜில் சண்டைச் சத்தம் கேட்டே தூங்கிப் பழகிய நாயகனுக்கு நட்சத்திர ஹோட்டலின் அமைதியில் தூக்கம் வருவதில்லை. அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து கொண்டுவந்து ஓடவிட்டுத் தூங்குகிறான். ஒலி இல்லையென்றால் இந்தக் காட்சியே இல்லை.

ஒலிக்காரர்களின் மறுப்பு சரியானதுதான். ஆனால் அது மௌனப் பயிற்சியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை, இரண்டு பயிற்சிகளைப் பிரிக்கச் சொல்கிறது. ஒலியே இல்லாத படம் ஒன்று. பேச்சு மட்டும் இல்லாத படம் இன்னொன்று. இன்று கல்லூரிகளில் மௌனப்படம் என்று எடுக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இரண்டிலும் சேராதவை. பேச்சு இல்லை, தெருவின் சத்தமும் இல்லை, இணையத்திலிருந்து இறக்கிய சோக இசை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை ஓடுகிறது. பழைய கொட்டகையிலும் ஆர்மோனியமும் தபேலாவும் இருந்தனவே, கதை சொல்கிறவர்கூடத் திரைக்குப் பக்கத்தில் நின்றாரே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் கொட்டகைக்காரர்களின் ஆட்கள். படம் எடுத்தவர் அவர்களை நம்பி ஷாட் பிரிக்கவில்லை, இவர்கள் வயலினை நம்பித்தான் ஷாட்டே பிரிக்கிறார்கள்.

மாணவராக இருந்து எடுத்த மௌனப்படங்களில் உலகம் நினைவில் வைத்திருப்பவை சில உண்டு. போலந்தின் வூச் நகரத் திரைப்படப் பள்ளியில் படித்தபோது 1958இல் ரோமன் போலன்ஸ்கி எடுத்த படத்தில் இரண்டு பேர் கடலிலிருந்து ஓர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அலமாரியோடு அவர்களை எந்தக் கதவும் உள்ளே விடுவதில்லை. மறுபடியும் கடலுக்கே போய்விடுகிறார்கள். அதே பள்ளியில் 1966இல் கிஷ்லோவ்ஸ்கி எடுத்த ‘டிராம்’ இன்னும் எளியது, எனக்கு இன்னும் பிடித்தது. இரவு. ஒரு பையன் ஓடிவந்து டிராமில் தொற்றிக்கொள்கிறான். உள்ளே ஒரு பெண். அவளைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறான். அவள் தூங்கிப்போகிறாள். அவன் இடம் வருகிறது, இறங்குகிறான். பிறகு மனம் கேட்காமல் திரும்ப டிராமின் பின்னால் ஓடுகிறான். ஆறு நிமிடம்கூட இல்லை, ஒலியே இல்லை. ஒரே ஓட்டம் முதலிலும் கடைசியிலும் வருகிறது. முதல் ஓட்டம் வண்டியைப் பிடிக்க, இரண்டாவது அவளுக்காக. உடல் செய்யும் காரியம் ஒன்றுதான், நடுவில் நடந்ததால் அதன் பொருள் மாறிவிட்டது. அந்தப் பையன் பணக்காரனா ஏழையா என்ற கேள்வியே எழவில்லை. ஆகவே அச்சும் தேவைப்படவில்லை.

அச்சு தேவைப்படும் கதையிலும் தப்பிக்க வழியுண்டு என்பதற்கு முர்னாவ் 1924இல் எடுத்த ‘கடைசி மனிதன்’ சாட்சி. பெரிய ஹோட்டலின் வாசல்காரர் வயதாகிவிட்டது என்று கழிவறை வேலைக்கு இறக்கப்படுகிறார். வாசல்காரர் என்று அவரை அடையாளம் காட்டுவது அந்தப் பகட்டான சீருடைதான், அதுவும் ஓர் அச்சுதானே. ஆனால் முர்னாவ் அதைப் பெயர்ப்பலகையாக விட்டுவைக்கவில்லை. சீருடை அவர் உடம்பிலிருந்து கழற்றப்படுகிறது. வீட்டுக் கல்யாணத்துக்கு அதைத் திருடிப் போட்டுக்கொள்கிறார். துணி ஒரு நிகழ்ச்சியாகிவிடுகிறது. வேலையிறக்கக் கடிதம் ஒன்றைத் திரையில் படிக்கத்தான் வைக்கிறார், விளக்க அட்டை ஒன்றும் உண்டு. அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு கடிதத்தால் படம் கெட்டுவிடாது, கடிதத்தை நம்பிப் படம் நின்றால்தான் கெடும்.

இனி படப்பிடிப்பு. டேனியல் காலத்தில் பிலிம் ஓடுகிற ஒவ்வொரு அடிக்கும் காசு. அதனால் எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியிருந்தது. இன்று கைபேசியில் நூறு முறை எடுக்கலாம், அழிக்கலாம். யோசிக்கக் காரணம் இல்லாமல் போய்விட்டது. அந்தக் காரணத்தை ஆசிரியர்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஐந்து நிமிடம் என்பது முந்நூறு வினாடி. ஒரு ஷாட் சராசரியாக ஆறு வினாடி என்றால் ஐம்பது ஷாட். பழக்கமில்லாத ஒரு குழு ஒரு நாளில் இருபத்தைந்துக்கு மேல் ஒழுங்காக எடுக்க முடியாது, ஆக இரண்டு நாள் வேலை. ஒவ்வொரு ஷாட்டையும் தனி அட்டையில் வரைந்து, கதை தெரியாத ஒருவர் கையில் வரிசையாகக் கொடுத்து, அவரையே கதையைச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் இடத்தில் படமும் தடுமாறும். கேமராவை வெளியே எடுப்பது அதற்குப் பிறகுதான்.

ஊரின் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை டிகிரிதான். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும், மற்ற மாதங்களிலும் பெரிதாகச் சாயாது. அந்த வெயிலில் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து கண்ணே இருண்ட குழியாகிவிடும். வசனமுள்ள படத்தில் குரல் அதைச் சமாளிக்கும். கண்ணையே நம்பியிருக்கும் மௌனப்படத்துக்கு அது பெரிய நஷ்டம். காலை ஒன்பதரைக்குள்ளும் மாலை நாலுக்குப் பிறகும் முகங்களை எடுத்துவிட்டு, நடுப்பகலைக் கைகளுக்கும் பொருள்களுக்கும் கூரைக்கு அடியிலுள்ள கடைகளுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. ஜூன் மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே இந்த ஊரை நனைக்கும் என்பதால், ஒரே காட்சியை இரண்டு நாளுக்குப் பிரித்தால் ஒரு ஷாட்டில் தரை ஈரமாகவும் அடுத்ததில் காய்ந்தும் இருக்கும். மாணவர் படங்களில் மிக அதிகமாகக் கண்ணில் குத்தும் தொடர்ச்சிப் பிழை இதுதான்.

எல்லாவற்றையும் எடைபோட்டு என் தீர்ப்பைச் சொல்கிறேன். முதல் படம் மௌனப்படமாகவே இருக்கட்டும். ஆனால் இப்போது பல இடங்களில் கொடுக்கப்படுவது போல ‘வசனம் கூடாது’ என்ற ஒற்றை நிபந்தனையோடு கொடுத்தால் அது கெடுதல். அச்சுகளையும் வயலினையும் மட்டுமே அது வளர்க்கிறது. பின்னணி இசைக்கு முழுத் தடை வேண்டும். தேர்வின்போது படத்தை எந்த ஒலியும் இல்லாமல் ஓட்டிப் பார்த்தே மதிப்பெண் போட வேண்டும். கதாபாத்திரங்கள் ஏதாவது ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும், அந்த வேலையிலேயே கதை திரும்ப வேண்டும். எழுத்தைப் படிக்கவைப்பது ஒருமுறைக்கு மேல் கூடாது. எடுப்பவர் நடிக்கக் கூடாது. ஒருவரின் நிறத்தையோ துணியையோ மாற்றினால் கதையே புரியாமல் போகும் என்றால், அந்தப் படத்தை ஆசிரியர் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது படத்தில் பேச்சில்லாமல் ஒலியை மட்டும் கொடுங்கள். வசனம் மூன்றாவது படத்தில் வரட்டும்.

திருவனந்தபுரத்தில் இந்தப் பயிற்சியை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. வெளிநாட்டு மௌனப்படங்களைக் காட்டுவதற்கு முன்னால் ‘மார்த்தாண்ட வர்மா’வைக் காட்டுங்கள். இந்த ஊரில் எடுக்கப்பட்டு, இந்த ஊரில் பூட்டப்பட்டு, இந்த ஊர்க்காரர் ஒருவரால் மீட்கப்பட்ட படம் அது. பிள்ளைகள் கையில் ஷாட் அட்டையைக் கொடுப்பதற்கு முன்னால் ரோஸியின் கதையையும் முழுவதுமாகச் சொல்லுங்கள்.